டிஸ்சார்ஜ் நாளுக்கு முழு லீவு போடணுமா?

அப்பா குரோம்பேட்டையில அட்மிட், உங்க ஆபீஸ் சிறுசேரியில. காலையில டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்"னு சொல்வார். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வர்றதுக்குள்ள இருட்டிடும். ஒரு லீவு காலி!

2024 மே மாசம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னது இது: கேஷ்லெஸ் டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்துல அனுமதி தரணும். தாமதமானா, அதனால ஆஸ்பத்திரி போடுற கூடுதல் சார்ஜை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் ஏத்துக்கணும்.

ஆனா ஆஸ்பத்திரி கோரிக்கையை அனுப்பின பிறகுதான் அந்த 3 மணி நேரம் ஓட ஆரம்பிக்கும். நான் பார்த்த வரைக்கும் பாதி நாள் பில்லிங்லயே போயிடுது. அதனால முந்தின நாள் சாயங்காலமே இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல, "ஃபைனல் பில் எப்ப அனுப்புவீங்க?"ன்னு கேளுங்க. அனுப்பின நேரத்தைக் குறிச்சுக்கங்க. டி.பி.ஏ.வுக்கு ஆபீஸ்ல இருந்தே போன் போடலாம்.

மிச்சமாகிற அரை நாள் லீவை, அப்பாவோட முதல் ரிவ்யூவுக்கு வெச்சுக்கங்க.