கழுவக் கூடாததைக் காக்கும் ஸ்பாஞ்சு

வீட்டு மீன்தொட்டியில் நீரை உள்ளிழுக்கும் குழாயின் முனையில் செருகப்படும் கையடக்கமான ஸ்பாஞ்சுத் துண்டு, முன்வடிகட்டி என்ற பெயரில் வண்ணமீன் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தண்ணீரைத் தெளிவாக்கும் பொருள் என்று சொல்லியே அது பெரும்பாலும் விற்கப்படுகிறது என்றாலும், முதன்மை வடிகட்டியை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டுவைக்கும் வாய்ப்பை அது தருகிறது என்பதே அதன் பெரும்பயன். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பைகளில் வீடுகளுக்குச் செல்லும் கப்பியும் மோலியும் தங்கமீனும் அங்கே சில வாரங்களில் இறந்துபோவதற்கு, அழுக்கைக் காட்டிலும் அளவுமீறிய சுத்தமே பெரிதும் காரணமாகிறது என்பதை உணர்ந்தால்தான் இந்தச் சிறு துண்டின் அருமை விளங்கும்.

தொட்டியின் விளிம்பில் தொங்கவிடப்படும் வடிகட்டியானாலும், கேனிஸ்டர் எனப்படும் மூடிய கலனானாலும், அதனுள் அடுக்கப்படும் செராமிக் வளையங்கள் குப்பையைத் தடுப்பதற்காக வைக்கப்படுபவை அல்ல. நுண்துளைகள் நிறைந்த அவற்றின் பரப்பில் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படிந்து வாழ்வதற்கே அவை இடம் தருகின்றன. மீன்கள் தம் செவுள்கள் வழியாக இடைவிடாமல் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்ற, அந்த நைட்ரைட்டை வேறொரு கூட்டம் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த இரண்டாம் வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்பதை 1998-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இவ்விரு கூட்டங்களும் மிக மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டி ஒன்றில் இவை போதிய அளவு வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகின்றன.

மீந்த தீனி, மீன் கழிவு, அழுகிய இலைத் துணுக்கு ஆகிய திடப்பொருள்கள் முதன்மை வடிகட்டிக்குள் நுழைந்துவிட்டால், அவற்றை உண்டு வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகி, செராமிக் வளையங்களின் துளைகளைக் கொழகொழப்பான படலத்தால் மூடி, மெதுவாக வளரும் கூட்டத்துக்கு உரிய இடத்தையும் ஆக்சிஜனையும் கவர்ந்துகொள்கின்றன. அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒரு கிராம் முழுமையாக நைட்ரேட்டாக மாறுவதற்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது புலப்படும். நுழைவாயிலிலேயே அந்தத் திடப்பொருள்களைத் தடுத்து நிறுத்துவதுதான் முன்வடிகட்டியின் வேலை. காற்றுக் குமிழிகளால் தனித்து இயங்கும் ஸ்பாஞ்சு ஃபில்டர் என்பது இதனின்று வேறானது. அது தானே முழு வடிகட்டியாக இயங்குவது, இதுவோ இன்னொரு வடிகட்டிக்குத் துணையாக நிற்பது.

மீன் வளர்க்கும் குடும்பங்களில் பரவலாக நடைபெறும் ஒரு வழக்கம் இவ்விடத்தில் மிகுந்த கவலைக்குரியது. விடுமுறை நாளொன்றில் மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டி நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்து அலசி, வடிகட்டியைப் பிரித்து அதன் உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளையும் குழாயடியில் வைத்து, சில வீடுகளில் சோப்புத்தூளும் சேர்த்து, பளபளக்கக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை மீண்டும் விடுகிறார்கள். வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பவர்களின் நல்லெண்ணமே இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் பல வாரங்களில் உருவான நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு மணி நேரத்தில் அழிந்துபோகிறது. குடிநீர்க் குழாயில் வரும் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகவே கலக்கப்படும் குளோரின், பயன்தரும் பாக்டீரியாவையும் விட்டுவைப்பதில்லை. அடுத்த சில நாள்களில் அம்மோனியா ஏற, மீன்கள் செவுள் சிவந்து, துடுப்பை ஒடுக்கி, நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து திணறுகின்றன. தண்ணீர் அப்போது கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால் அதன்மேல் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. நோயுள்ள மீனை விற்றுவிட்டதாகக் கடைக்காரர் மீது பழி விழுகிறது, வேறு மீன்கள் வாங்கப்படுகின்றன, மாத இறுதியில் அதே கழுவல் மறுபடியும் நடக்கிறது. பொழுதுபோக்காக மீன் வளர்க்கத் தொடங்கிய குழந்தைகள் பலர் அதைக் கைவிடுவது இப்படித்தான்.

தமிழ்நாட்டின் நீரும் வெயிலும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. நீரில் கரைந்த அம்மோனியா முழுவதும் நச்சாக இருப்பதில்லை. எவ்வளவு பங்கு நச்சு வடிவில் இருக்கும் என்பதை வெப்பநிலையும், நீரின் அமில காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் நச்சுப் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது ஆறு விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. கடினத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் காரப் பக்கமே சாய்ந்திருப்பதால், வேறிடத்து நூல்களில் பாதுகாப்பானது என்று குறிக்கப்படும் மொத்த அம்மோனியா அளவு இங்கே மீனைக் கொன்றுவிடக் கூடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுவதும் இதனுடன் சேர்கிறது. தொட்டியில் கைப்பிடி கல்லுப்பு போடும் பழக்கத்துக்கு ஓர் அடிப்படை உண்டு: உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள் வழியாக மீனின் இரத்தத்தில் கலப்பதை ஓரளவு தடுக்கிறது. அம்மோனியாவின் நஞ்சுக்கு அது மாற்றாகாது.

முன்வடிகட்டி பொருத்தப்பட்ட தொட்டியில் வாரந்தோறும் கைவைக்க வேண்டியது அந்த ஸ்பாஞ்சில் மட்டுமே. நீர் மாற்றும்போது வெளியேற்றப்படும் பழைய தொட்டி நீரில் கொஞ்சத்தை ஒரு வாளியில் பிடித்துவைத்து, மோட்டாரை நிறுத்தி, ஸ்பாஞ்சை நீருக்குள் இருக்கும்போதே ஒரு பாலித்தீன் பையால் மூடி எடுத்தால் பிடித்துவைத்த குப்பை மீண்டும் தொட்டியில் கொட்டாது. பின்பு வாளி நீரில் இரண்டு மூன்று முறை பிழிந்து திரும்பச் செருகினால் போதும். பழுப்பு நிறம் முற்றிலும் போக வேண்டியதில்லை. தடுக்கப்பட்ட குப்பை ஸ்பாஞ்சில் இருக்கும்வரை அது தொட்டி நீரிலேயே அழுகிக்கொண்டிருக்கிறது என்பதால் இந்த வார வேலையைத் தள்ளிப்போடலாகாது. அடைபட்ட ஸ்பாஞ்சு நீரோட்டத்தைக் குறைத்து, மோட்டார் போதிய நீரின்றி இரைச்சலிடவும் சூடேறவும் இடம் கொடுக்கிறது. வெளிவரும் நீரின் வேகம் தளர்ந்தால் அதுவே பிழிவதற்கான அடையாளம். முதன்மை வடிகட்டியைத் திறந்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், செராமிக் வளையங்களைத் தொட்டி நீரில் மட்டும் மெல்ல அலச வேண்டும்.

ஸ்பாஞ்சின் நுண்மை, ஓர் அங்குல நீளத்தில் அமைந்த துளைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. 20 முதல் 30 துளைகள் கொண்ட வகை பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் பொருந்தும். 45-க்கு மேற்பட்டவை விரைவில் அடைபடும். மெத்தைக் கடைத் துண்டையோ பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சையோ வெட்டிச் செருகுவது சிக்கனமாகத் தோன்றினாலும், அவற்றில் சாயமும் கிருமிநாசினியும் கலந்திருக்கக் கூடும் என்பதாலும், துளைகள் ஒன்றோடொன்று திறந்து இணையாத நுரைப்பொருள் நீரை ஒழுங்காகக் கடத்தாது என்பதாலும் அது தவிர்க்கத்தக்கது.

குட்டி போடும் மீன்களை வளர்ப்போருக்கு இதில் இன்னொரு பயனும் கிடைக்கிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உள்ள கப்பிக் குஞ்சுகளும், அவற்றினும் சிறிய செர்ரி இறால் குஞ்சுகளும் உறிஞ்சுகுழாயின் பிளவுகள் வழியாக இழுக்கப்பட்டு மடிவதை ஸ்பாஞ்சு தடுப்பதோடு, அதன் மேற்பரப்பில் படியும் நுண்ணிய உணவைக் கொறிக்கும் மேய்ச்சலிடமாகவும் பயன்படுகிறது. மின்வெட்டின்போது அதன் மதிப்பு மேலும் கூடுகிறது. மூடிய கேனிஸ்டருக்குள் நீர் ஓடாமல் நின்றுவிட்டால் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்குகின்றன. தொட்டியின் திறந்த நீரிலேயே இருக்கும் ஸ்பாஞ்சில் குடியேறிய கூட்டமோ, பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு ஏர் பம்ப் இருந்தால், மின்சாரம் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கிறது.

குழாய் முனையில் ஸ்பாஞ்சு இருப்பது தொட்டியின் அழகைக் கெடுக்கிறது என்றும், நீரோட்டத்தைக் குறைக்கிறது என்றும் நீர்த்தாவர அலங்காரத்தில் ஈடுபாடு கொண்ட சிலர் கருதுகின்றனர். ஸ்பாஞ்சைச் செடிகளுக்குப் பின்னால் மறைத்து வைப்பதாலும் சற்றுப் பெரிய துண்டைத் தேர்வதாலும் இவ்விரண்டும் பெருமளவு தீர்ந்துவிடுகின்றன.

மீனை விற்பவர்கள் பையோடு தீனிப் பொட்டலத்தைத் தருவதைப் போலவே, வடிகட்டியைப் பிரித்துக் குழாய் நீரில் கழுவக் கூடாது என்ற ஒரே ஓர் அறிவுரையையும், அதை நடைமுறையில் கைக்கொள்ள உதவும் ஒரு ஸ்பாஞ்சையும் வாங்குவோர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். முதல்முறை தொட்டி வைக்கும் பெற்றோர், மீன்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னரே அந்த ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கட்டும்.