இஞ்சின் கொதித்தால் கடலில் என்ன செய்வது?

ஓடிக்கொண்டிருக்கும் வெளியிணைப்பு இஞ்சினிலிருந்து மெல்லிய தண்ணீர்த் தாரை ஒன்று எப்போதும் பீய்ச்சிக்கொண்டிருக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இஞ்சின் எங்கோ ஒழுகுவது போலத் தெரியலாம். உண்மையில் இஞ்சினுக்குள் தண்ணீர் சுற்றி வருகிறது என்பதற்கான அடையாளம் அது. தாரை நின்றதைக் கவனிக்காமல் முழு வேகத்தில் தொடர்ந்து ஓடினால், சில நிமிடங்களிலேயே பிஸ்ரன் சிலிண்டரோடு இறுகிவிடக்கூடும்.

மீள்குடியேற்றம், காணி விடுவிப்பு, இந்திய இழுவைமடிப் படகுகள் என்று வடக்கின் கரையோரக் கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம், ஏதாவதொரு வாடியில் மூடி கழற்றிய இஞ்சின் ஒன்றைப் பார்க்கிறேன். விசாரித்தால், கொதித்து இறுகிவிட்டது என்ற பதில்தான் அதிகம் கிடைக்கிறது. அவற்றில் பல கடனுக்கோ லீசிங்குக்கோ எடுத்தவை. இஞ்சின் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

பணத்தை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. முல்லைத்தீவில் சோளகக் காலத்தில் கரையோரக் கடல் அமைதியாகத் தெரியும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கியே அடிக்கும். இஞ்சின் நின்ற படகை அது வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். மேற்குக் கரையில் நிலைமை வேறு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக்கோடு கடலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இழுபட்டுப்போன படகு அதைத் தாண்டினால் கைது, விசாரணை, வழக்கு என்று நீளும்.

இஞ்சின் ஏன் கொதிக்கிறது?

மோட்டார் வண்டியைப் போல இதற்கு ரேடியேற்றர் கிடையாது. கடல்நீரே இதைக் குளிர்விக்கிறது. இஞ்சினின் அடிப்பாகத்தில், புரொப்பெலருக்குச் சற்று மேலே, சல்லடை போன்ற துவாரங்கள் இருக்கும். அவற்றின் வழியாக வரும் தண்ணீரை 'இம்பெலர்' என்ற சிறிய றப்பர்ச் சக்கரம் மேலே தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு பங்குதான் நாம் பார்க்கும் தாரை.

இந்தப் பாதையில் எங்கு தடை வந்தாலும் இஞ்சின் கொதிக்கும். யாழ்ப்பாணக் கடலேரியிலும் பாக்கு நீரிணையின் ஆழமற்ற பகுதிகளிலும் சாதாளை, சேறு, சொப்பிங் பை, அறுந்த தங்கூசித் துண்டு என்பன துவாரத்தை அடைக்கும். முல்லைத்தீவு போன்ற அலையடிக்கும் மணற்கரைகளில் படகு இறக்கும்போது மணல் உள்ளே போய் இம்பெலரைத் தேய்க்கும். கழுவாமல் விட்டால் உப்பு உள்ளே படிந்து பாதை ஒடுங்கும். கரையில் நீண்ட நாள் கிடந்த இஞ்சினில் தாரை வரும் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு.

தண்ணீர் சரியாக வந்தும் கொதிப்பதாக இருந்தால் வேறு காரணங்களைத் தேடவேண்டும். ரூ ஸ்ரோக் இஞ்சினில் எரிபொருளோடு ஒயில் குறைவாகக் கலந்திருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடும்படி அமைக்கப்படாத இஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கலாம். வலுவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றியிருக்கலாம். புரொப்பெலரில் வலை சுற்றியிருக்கலாம்.

நடுக்கடலில்

பல சிறிய ரூ ஸ்ரோக் இஞ்சின்களில் எச்சரிக்கை ஒலி இல்லை. கண்ணும் மூக்கும் காதும்தான் எச்சரிக்கை. தாரை மெலிவது, ஆவி வருவது, கருகிய மணம், சத்தம் மாறுவது, வேகம் தானாகக் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே வேகத்தைக் குறைத்து இஞ்சினை நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சத் தூரம்தானே, கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓடும் அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் இஞ்சின் இறுகுகிறது.

நிறுத்தியதும் நங்கூரம் போடுங்கள். ஆழத்துக்குக் கயிறு எட்டாவிட்டால், வாளியையோ வலைக்கட்டையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து கடலில் விடுங்கள். படகு இழுபடும் வேகம் குறையும். பிறகு இஞ்சினைத் தூக்கி, துவாரங்களில் அடைந்திருப்பதை எடுத்துவிடுங்கள். தாரை வரும் துவாரத்தைத் தடித்த தங்கூசியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள்.

சூடான இஞ்சினில் கடல்நீரை அள்ளி ஊற்றவேண்டாம். திடீர்க் குளிரில் உலோகம் வெடிக்கக்கூடும். அரை மணித்தியாலமாவது ஆறவிட்டு, மெல்லிய வேகத்தில் இயக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தாரை வராவிட்டால் நிறுத்திவிட்டு, அருகிலுள்ள படகை உதவிக்கு அழைப்பதுதான் வழி. தாரை வந்தால் அதில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை பொறுக்காத சூடென்றால் உள்ளே இன்னும் தடை இருக்கிறது.

கரையில்

இம்பெலரை ஆண்டுக்கொரு முறையாவது கழற்றிப் பார்க்கவேண்டும். இதழ்கள் வளைந்தபடியே நின்றாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் புது இம்பெலர் போட்டும் பழைய துண்டு மேலே போய்ப் பாதையை அடைக்கும். தண்ணீர் இல்லாமல் இஞ்சினை 'ஒருக்கா' இயக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விடவேண்டும். காய்ந்த நிலையில் சில விநாடிகள் சுற்றினாலே றப்பர் கருகும்.

தொழில் முடிந்து வந்ததும் நன்னீர்ப் பரலில் இஞ்சினை இறக்கி, கியர் போடாமல், மெல்லிய வேகத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்வார்கள். பரலிலுள்ள தண்ணீர் துவாரங்களுக்கு மேல் நிற்கவேண்டும். பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

ஆனால் குடிப்பதற்கே பவுசரை எதிர்பார்த்திருக்கும் தீவுப் பகுதிக் குடும்பத்திடம் இஞ்சின் கழுவ ஒரு பரல் நன்னீர் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வாடிகளில் இதைப் பற்றிக் கதைத்தபோது எனக்குச் சரியாகத் தோன்றிய வழி, நாலைந்து படகுகளுக்கு ஒரு பொதுப் பரல். உவர்க் கிணற்று நீரானாலும் கடல்நீரை விட உப்புக் குறைவு. தண்ணீரில் ஒயில் படர்ந்தாலோ உப்பேறினாலோ மாற்றவேண்டும்.

முன்பு இவையெல்லாம் அப்பாவோடும் மாமாவோடும் கடலுக்குப் போய்ப் பழகியவை. போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை, இஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு. பிறகு இடப்பெயர்வும் முகாமும். தொழில் பழகவேண்டிய வயதைக் கடலைக் காணாமலே கழித்த இளைஞர்கள் 2009க்குப் பின் ஊர் திரும்பினார்கள். சொல்லிக்கொடுக்க இருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. உதவித் திட்டங்களில் இஞ்சின் கிடைத்தவர்கள் பலரிடம், அதைப் பராமரிக்க யார் கற்றுத் தந்தார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒருவரும் இல்லை என்பார்கள்.

2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானது. அதற்குப் பிறகு செலவைச் சுருக்கும்போது முதலில் தள்ளிப்போனது இஞ்சின் பராமரிப்பு. ஆனால் ஒரு இம்பெலரின் விலை, இறுகிய இஞ்சினைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கடற்றொழிலாளர் சங்கங்கள் மாதம் ஒரு நாள், இறங்குதுறையிலேயே, ஊரிலுள்ள இஞ்சின் திருத்துநரைக் கொண்டு இம்பெலர் மாற்றப் பழக்கலாம். கணவரை இழந்து படகை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் பெண்களையும் அதில் சேர்க்கவேண்டும். அவர்களின் ஒரே சொத்து அந்த இஞ்சின்தான். அதில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.