செல்ஃப் எடுக்காத எம்ஜிபி: குற்றவாளி மோட்டார்தானா?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டே அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. சில சமயம் புகையும் கிளம்புகிறது. பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்த கோளாறு இது. காரைக் கிளப்புவதற்கும் சோக் கேபிள் சூடாவதற்கும் என்ன சம்பந்தம்?

எம்ஜிபி, இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். 1,798 சிசி திறனுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். 5 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. 1974 வரை வந்த கார்களில் பேட்டரியை பானெட்டுக்குள் தேடினால் கிடைக்காது. சீட்டுகளுக்குப் பின்னால், தரைமட்டத்துக்குக் கீழே, இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை ஒன்றோடொன்று இணைத்து 12 வோல்ட் எடுத்தார்கள். கம்பளத்தை விலக்கி மூடியைக் கழற்றினால்தான் அவை கண்ணில் படும். அதனாலேயே டெர்மினல்களில் வெள்ளையாகப் பூக்கும் உப்பை யாரும் கவனிப்பதில்லை.

அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் முன்பக்கம் வரை ஓடி, செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கிறது. கரன்ட் திரும்பி வரத் தனிக் கேபிள் கிடையாது. காரின் பாடிதான் எர்த். ஆனால் எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சின் தொகுதியையும் பாடியையும் இணைக்க ஓர் எர்த் பட்டை உண்டு. அது துருவேறிப் போகலாம். கிளட்ச் வேலைக்காக எஞ்சினை இறக்கியவர் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். அப்போது கரன்ட் கிடைத்த வழியில் போகும். பாடியையும் எஞ்சினையும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் எது? சோக் கேபிள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்ட் 150, 200 ஆம்பியரைச் சாதாரணமாகத் தொடும். அந்த மெல்லிய கம்பி அதை எப்படித் தாங்கும்?

இந்த 200 ஆம்பியரை மனதில் வைத்தால் மற்ற கோளாறுகளும் புரியும். ஓர் இணைப்பில் அழுக்கால் 0.01 ஓம் தடை கூடினால்கூட அங்கேயே 2 வோல்ட் காணாமல் போகும். ஹெட்லைட்டுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல, அது பளிச்சென்று எரியும். ‘லைட் எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டி, புது மோட்டாருக்குக் காசைக் கொட்டுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஹெட்லைட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அதை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் ஒரேயடியாக மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது இணைப்பு மோசம், அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுக்கிறது. வெளிச்சம் அப்படியே இருந்து, சத்தமும் வராவிட்டால் கரன்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. சாவி சுவிட்ச், மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சோலினாய்டு, அவற்றுக்கிடையே ஓடும் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயர் ஆகியவற்றைத்தான் அப்போது பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு மல்டிமீட்டரை எடுக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் கிளம்பிவிடாதபடி இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது அது 10-க்குக் கீழே வெகுவாக இறங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மீது. இறங்காவிட்டால் மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும், மற்றொன்றை எர்த்தில் இணைந்திருக்கும் பேட்டரி முனையிலும் வைத்து, உதவிக்கு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். கால் வோல்ட், அரை வோல்ட் என்றால் பெரிதில்லை. 2, 3 வோல்ட் காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, உலோகம் மின்னும்வரை தேய்த்து மாட்டினாலே பல கார்கள் பிழைத்துக்கொள்ளும்.

மோட்டாரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அதில் இரண்டு தலைமுறை. 1967 வரை வந்த கார்களில், மோட்டார் சுற்றும் வேகத்திலேயே பினியன் என்ற சிறு பல்சக்கரம் புரிதண்டின் மேல் ஓடி ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்கும். தண்டில் அழுக்கு சேர்ந்தால் மோட்டார் ‘விர்ர்ர்’ என்று சுற்றும், எஞ்சின் அசையாது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டால் போதும். கிரீஸ் தடவினால் கிளட்ச் தூசு ஒட்டி மறுபடியும் சிக்கும். பினியன் பல்லில் மாட்டிக்கொண்டுவிட்டால் காரை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் அசைப்பது பழைய வைத்தியம்.

அந்த ஆண்டின் இறுதியில் வந்த இரண்டாம் வடிவத்தில், மோட்டாரோடு சேர்ந்த சோலினாய்டே முதலில் பினியனைத் தள்ளி, பிறகு கரன்ட்டைத் திறந்துவிடுகிறது. இதில் ஒரே ஒரு ‘டக்’ சத்தம் கேட்டு எதுவும் நடக்காவிட்டால், சோலினாய்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சுத்தியலால் லேசாகத் தட்டியதும் சுற்றினால் பெரும்பாலும் பிரஷ்தான். தட்டியது பலித்தது என்று வண்டியை எடுத்துக்கொண்டு நெடும்பயணம் போகக் கூடாது.

எல்லாவற்றையும்விடச் செலவு வைப்பது ஃப்ளைவீலின் பல்வளையமான ரிங் கியர். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் பினியன் அதே பற்களில் வந்து மோதுவதால் அந்த இரண்டு இடங்கள் மட்டும் தேய்கின்றன. எஞ்சினைக் கொஞ்சம் திருப்பி வைத்ததும் செல்ஃப் எடுக்கிறது என்றால் இதுதான் காரணம். இதைச் சரிசெய்ய எம்ஜிபியில் எஞ்சினை வெளியே இறக்கியே ஆக வேண்டும். எனவே ‘கறகற’ என்று அரைக்கும் சத்தம் கேட்டால் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய காரை வைத்திருப்பவர்கள் புது மோட்டாருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எர்த் பட்டையைத் தேய்த்து மாட்டி, ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். எந்த வேலையைத் தொடங்கினாலும் பேட்டரியின் எர்த் இணைப்பை முதலில் கழற்றுங்கள். 1967 வரையிலான எம்ஜிபிகளில் எர்த்தில் இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை.