சாத்தனூர் அணையும் கடைமடைக் குடியானவரும்

பண்டசோழநல்லூர், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் விவசாயம் இரண்டு நதிகளைச் சார்ந்தது. வடக்கே சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை. இவற்றின் பெரிய அணைகள் நமது எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் இருக்கின்றன. மதகு திறக்கும் இடம் ஒன்று. அந்த ஜலத்தின் பலனையும் கஷ்டத்தையும் அனுபவிக்கும் இடம் மற்றொன்று.

தென்பெண்ணையில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை 1958-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது. முழு மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. பாசனத்திற்காக எழுந்த இவ்விடத்தில் பூங்காவும் முதலைப் பண்ணையும் அமைந்தமையால், ஜனங்கள் திரளாக வந்து உல்லாசமாய்ப் பொழுது போக்குகின்றனர். நிறைந்த தேக்கம் கண்ணுக்கு அழகு, பாசனத்திற்கும் அனுகூலம். ஆனால் வெள்ளத்தைத் தாங்குவதற்கு வேண்டியது நிறைவன்று, காலி இடமே.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையைக் கடந்தது. பின்னர் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி ஜலம் வெளியேறியது. பாகூர்ப் பகுதியில் ஆற்றோரக் கிராமங்களும் வயல்களும் மூழ்கின.

இப்பிரவாகத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் வரும் ஜலம் சுமார் 605 மில்லியன் கன அடி. நமது 1,000 ஏக்கருக்கும் பாசனமளிக்கும் வீடூர் அணையின் முழுக் கொள்ளளவும் அதுவே. சாத்தனூர் அணை அடியோடு காலியாக இருந்திருப்பினும், அவ்வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். ஆகவே அணை வெள்ளத்தைத் தணிக்கும், தாமதப்படுத்தும். அடியோடு இல்லாமற் செய்யாது. அது தரும் அவகாசத்தைப் பயன்படுத்துவது நமது கடமை.

சொர்ணாவூரிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொணரும் பங்காரு வாய்க்காலையும், வயல் வடிகால்களையும் ஐப்பசிக்கு முன்பே தூர் வாரி வைத்தல் வேண்டும். ஒருவர் வடிகாலை அடைத்தால் பத்துப் பேர் பயிர் அழுகும் என்பதை மறத்தலாகாது. தாழ்ந்த நிலங்களில், இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் பிழைக்கக்கூடிய சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் ரகங்களைப் பயிரிடுவது நலம். நாற்றங்காலை மேட்டில் அமைக்க வேண்டும். விதை நெல்லைப் பரண்மேலும், கால்நடைகளை மேட்டுத் தொழுவத்திலும் காப்பது உசிதம்.

அணை திறப்பு அறிவிக்கப்பட்டவுடன், கிராம அதிகாரிகள் வினாடிக்கு எத்தனை கன அடி என்பதைக் குறித்துக்கொண்டு, தண்டோராவாலும் தொலைபேசியாலும் கடைசி வீடு வரை தெரிவிக்க வேண்டும். ஆற்றோரக் குடிசைவாசிகளுக்கே முதலில் தெரிவித்தல் முறை. இரவென்று காத்திராதீர்கள், அன்றைய வெள்ளமும் இரவில்தான் புறப்பட்டது.