நேராகவே கேளுங்கள்

வானூர்ப் பக்கம் டீக்கடையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மனக்கவலை பற்றிப் பேச்செடுத்தால், "சின்னப் பிள்ளைக்கு அப்படி என்னங்க கவலை?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு, சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றமும் இருக்கிறது. பள்ளி மணிச்சத்தம், திடீரென மாறிய டீச்சர், வகுப்பில் கேலி, எதுவும் காரணமாகலாம். மழை வந்தால் மரக்காணம் உப்பளத்தில் வேலை நிற்கும், வீட்டின் அன்றாட ஒழுங்கே குலையும். பெரியவர்களுக்கு அது வருமானக் கவலை. ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கோ காலடி மண்ணே நகர்கிற மாதிரி.

இந்தப் பதற்றம் முகத்தில் தெரியாது என்பதுதான் சிக்கல். வயிற்றுவலி என்பான், பள்ளிக்கு வரமாட்டேன் என்பான், தூங்கமாட்டான். உயிராய் வைத்திருந்த பஸ் நம்பர் நோட்டைத் தொடாமலே விட்டுவிட்டான் என்றால், எனக்கு அதுதான் பெரிய அபாய மணி. நன்றாகப் பேசி மார்க்கும் வாங்குகிற பிள்ளையிடம் இன்னும் மறைந்துபோகும். பகலெல்லாம் மற்றவர்களைப் போல நடித்துவிட்டு வீட்டில் வந்து வெடிக்கும். நாம் அதை அடம் என்போம். ஆனால் இதைக் கவனிக்காமல் விட முடியாது. 2016-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களிடையே தற்கொலை மரணம் மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம் அதைவிடக் கூடுதல்.

"தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே நினைப்பூட்டியதாகாதா?" ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. "எப்படி இருக்கே?" என்றால் "நல்லாருக்கேன்" என்றுதான் பதில் வரும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். வாய் வரவில்லையா, எழுதிக் காட்டட்டும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள், மாத்திரையையும் பூச்சிமருந்தையும் பூட்டிவையுங்கள்.

பள்ளியிடமும் பேசுங்கள், பிள்ளைக்கேற்ற மாற்றங்களைக் கேளுங்கள். தேர்வில் தோற்றவர்கள் அதே ஆண்டில் மறுபடி எழுதும் துணைத்தேர்வுக்காக வாதாடிய அமைப்புகளில், 1986-இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவும் ஒன்று. பிள்ளைகளைத் திருத்தப் புறப்படாமல் தேர்வு முறையை மாற்றச் சொன்னார்கள். பிள்ளை உட்கார அமைதியான ஓர் இடம், நாளை என்ன நடக்கும் என்ற முன்னறிவிப்பு, இவை அதைவிடச் சின்ன வேண்டுகோள்கள்.

உதவிக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கம்தான், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் 14416-ஐ அழைக்கலாம். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் எந்த பஸ், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், டாக்டர் என்ன கேட்பார் என்பதைப் பிள்ளையிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.