கிட்டாரில் மீட்டினால் செல்லோவில் கேட்கும்

கிட்டார் கலைஞர் பாட் மெத்தீனியின் ‘ஆஃப்ராம்ப்’ ஆல்பம் 1982இல் வந்தது. அதில் ‘ஆர் யூ கோயிங் வித் மீ?’ என்ற இசைக்கோவையில், ஊதுகருவி ஒன்று உச்சஸ்தாயிக்கு ஏறிப் போவதுபோல் ஒரு குரல் எழும். ஊதுகருவி அல்ல, கிட்டார்தான். ரோலண்ட் நிறுவனத்தின் ஜிஆர்-300 என்ற கிட்டார் சின்தசைசரை அவர் மீட்டியிருக்கிறார். அந்தப் பெட்டிக்குள் என்ன ஒலி இருந்ததோ அதுதான் அப்போது வரும். இன்று ஒரு மடிக்கணினியும் ரெக்கார்டிங் மென்பொருளும் இருந்தால் போதும். அதே ஆறு தந்திகளில் செல்லோ, புல்லாங்குழல், டிரம்ஸ் என்று எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். இதற்கு வழிவிட்டது மிடி.

1983 ஜனவரியில், அமெரிக்காவின் ‘நாம்’ இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரு மிடி கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது. கேபிளில் போனது ஒலி அல்ல, வெறும் எண்கள்: எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்தினார்கள். ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தி 40, மெல்லிய முதல் தந்தி 64.

கீபோர்டுக்கு இது எளிது. கட்டை ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச்; அழுத்தியதுமே எண் தெரிந்துவிடும். கிட்டாரில் தந்தி அதிர்கிறது, அவ்வளவுதான். அந்த அதிர்வைக் கேட்டுத்தான் என்ன ஸ்வரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். குறைந்தது ஓர் அலையாவது முழுசாக வராமல் சுருதியை நம்பிச் சொல்வது கடினம். ஆறாம் தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. ஓர் அலைக்கே 12 மில்லிசெகண்ட் ஆகிவிடும். முதல் தந்திக்கு 3 போதும். மீட்டிய கணத்தில் பிக் உரசும் இரைச்சல் வேறு குறுக்கே நிற்கும். ஆக, கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள் சற்றுத் தாமதமாக வருவது கருவியின் குறை அல்ல, தந்தியின் இயல்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் கருவியை மாற்றி மாற்றி வாங்கிச் சலித்துப்போகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் பேஸ் வாசிக்க வேண்டுமென்றால் மெல்லிய தந்திகளில் வாசித்து, மென்பொருளில் ஸ்தாயியை இறக்கிக்கொள்வது நல்லது. 64இலிருந்து 36ஐக் கழித்தால் 28. பேஸ் கிட்டாரின் தடித்த தந்திக்குரிய எண் அதுவே. கணினியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவு) 512 சாம்பிள் என்றால் கிட்டத்தட்ட 11 மில்லிசெகண்ட், 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. ரெக்கார்டிங்கின்போது பஃபரைக் குறைத்து வைத்துவிட்டு, மிக்ஸிங்கில் கூட்டிக்கொள்ளலாம்.

கிட்டார் வாசிப்பை மிடியாக மாற்ற, சாதாரண கிட்டார் பிக்கப்பின் ஒலியை வாங்கி, மென்பொருளே ஸ்வரம் பிரிப்பது ஒரு வழி; ஜாம் ஆரிஜினின் மிடி கிட்டார் அப்படிப்பட்டது. பழகிப் பார்க்க இது போதும். தந்திக்கொரு பிக்கப்பாக ஆறும் சேர்ந்த சிறு பட்டையைப் பிரிட்ஜ் பக்கத்தில் பொருத்துவது இன்னொன்று. ரோலண்டின் ஜிகே வரிசையும் ஃபிஷ்மனின் ட்ரிப்பிள்ப்ளேயும் இந்த வகை. என் தேர்வு இதுதான். ஆறு தந்திக்கும் ஆறு மிடி சேனல் கொடுத்துவிட்டால், ஒரு தந்தியை வளைக்கும்போது அந்த ஸ்வரம் மட்டும் வளையும், மற்றவை அசையாது.

வளைவில் ஒரு கண்ணி உண்டு. பிட்ச் பெண்ட் வரம்பு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டார் பக்கம் 12 அரைஸ்வரம், ஒலி தரும் பிளக்இன் பக்கம் 2 அரைஸ்வரம் என்று இருந்தால், நீங்கள் ஒரு முழு ஸ்வரம் இழுத்தாலும் கேட்பது அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். கமகம் வாசிக்கிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதை. பியானோ ஒலிக்கு மட்டும் பெண்டை அணைத்துவிடுங்கள். பியானோவில் ஸ்வரம் வளையாது.

வாசிப்பும் மாற வேண்டும். விரல் பட்டு முனகும் தந்திகூட ஒரு ஸ்வரமாகப் பதிவாகிவிடும். வாசிக்காத தந்திகளைக் கையால் அடக்கி வையுங்கள். மீறி வந்த துணுக்குகளைப் பியானோ ரோலில், அதாவது ஸ்வரங்களைக் கோடுகளாகக் காட்டும் திரையில், பார்த்து அழிக்கலாம். செல்லோ ஒலியில் இன்னொரு சங்கடம்: கிட்டார் தந்தி ஓய்ந்ததும் செல்லோவும் நின்றுபோகும். சஸ்டெய்ன் பெடலை மிதிக்கலாம், அல்லது அந்த ஸ்வரத்தின் கோட்டைத் திரையில் இழுத்து நீட்டலாம். கிட்டாரின் அசல் ஒலியையும் தனி ட்ராக்கில் பதிந்து வைப்பது நல்லது.

இத்தனை பாடும் எதற்கு, ஒரு கீபோர்டு வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். கீபோர்டில் கார்டு பிடிக்கும் கை பெரும்பாலும் ஸ்வரங்களை நெருக்கமாக அடுக்கும். கிட்டாரில் சாதாரண ஈ மேஜர் பிடித்தாலே 40, 47, 52, 56, 59, 64 என்று இரண்டு ஸ்தாயிக்கு அகலமாக விரிகிறது. ஆறும் தனித்தனிச் சேனலில் இருப்பதால் பிரித்துக் கொடுப்பதும் சுலபம். 40ஐ டபுள் பேஸுக்கும், 47, 52ஐச் செல்லோக்களுக்கும், 56, 59ஐ வயோலாக்களுக்கும், 64ஐ வயலினுக்கும் கொடுத்துப் பாருங்கள். கார்டை மாற்றும்போது ஆறு குரல்களும் கிட்டார் விரல்கள் போன வழியிலேயே நகரும். கீபோர்டு முன் உட்கார்ந்து எழுதும்போது அந்த வழி எளிதில் தோன்றாது.