செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போறீங்களா? அந்த இன்னொரு லீவரைக் கவனிங்க!

வாரம் முழுக்க ஆபீஸ், ஸ்கூல். வருடத்தில் நான்கைந்து முறை மலைப்பாதை, தோட்டத்து மண் ரோடு. இதற்காகப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுகிறவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்கிவிடக் கூடாது.

முதலில், அது நிஜமாகவே ஃபோர் வீல் டிரைவா? மஹிந்திரா தாரில் 2023 முதல் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் மாடலும் வருகிறது. ரெனோ டஸ்டரிலும் இரண்டு வகை உண்டு. மாருதி ஜிம்னியில் இந்தக் குழப்பம் இல்லை.

தார், ஜிம்னி போன்றவற்றில் கியர் ராடு பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கும். சிட்டியிலேயே ஓடிய வண்டியில் அது தொடப்படாமலே இறுகிப்போயிருக்கலாம். மண் தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். லோவுக்கு மாற்றும்போது வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். காய்ந்த தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம். திருப்பத்தில் பல்சக்கரங்கள் இறுகிச் சேதமாகலாம்.

அடுத்து, மெக்கானிக்கோடு வண்டிக்கு அடியில் பாருங்கள். ஆயில் கசிவு, துரு, பாறையில் இடித்த தழும்பு இருக்கிறதா? கார்பெட்டுக்குக் கீழே சேறு படிந்திருந்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். நான்கு டயரும் ஒரே அளவா? ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா?

கடைசியாக, வீட்டுப் பாட்டியைப் பின்சீட்டில் ஏறச் சொல்லுங்கள். மூன்று கதவு தாரில் முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் போக முடியும். மலைக்குப் போவது வருடத்துக்கு நாலு நாள். பாட்டி ஏறி இறங்குவது வாராவாரம்!